சிட்டுக்கு மரியாதை கற்றுக்கொடுத்த கதை

சிட்டு முதன்முதலில் கத்தியது பள்ளித் தாளாளர் குழந்தைசாமியின் பேச்சைக் கேட்டுத்தான். அதுவும் தன்னுடைய அறிமுக விழாவிலேயே, மேடையிலேயே, ஒலிவாங்கிக்குப் பக்கத்திலேயே கத்தித் தொலைத்தது.

வாய்க்கால்பாளையத்துக்கு அப்போது ஓட்டுநர் இல்லாத பேருந்து வந்துவிட்டிருந்தது. அதிலும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் வழக்கம் போகவில்லை. அப்படி ஒரு காலம். ஊர்ப் பெருமையான கலைவிளக்கு மெட்ரிக் பள்ளியில் பிள்ளைகள் சட்டைக் காலரில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு சிட்டு கொடுத்தார்கள். கட்டைவிரல் பருமனில் ஒரு குருவி பொம்மை. உள்ளே கேட்பதற்கு ஒரு காது, யோசிப்பதற்கு ஒரு சில்லு, விழித்திருக்கிறேன் என்று காட்டுவதற்குப் பச்சை விளக்கில் ஒரு கண்.

பூங்கொத்து கொடுத்த ஆறாம் வகுப்புச் சிறுமியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, தாளாளர் குனிந்து சொன்னார். "இந்த ஸ்கூல்லயே நீதான் அழகு, அம்மிணி. அய்யா உனக்குன்னு பெரிய சாக்லெட் ஒண்ணு வச்சிருக்கறேன். மிஸ்ஸுகிட்டச் சொல்லப்படாது, ஆமா."

"கீச்!" என்றது அவள் காலரில் இருந்த சிட்டு. ஒலிபெருக்கி அதை வாங்கி ஊருக்கே சொன்னது.

கூட்டம் சிரித்தது. தாளாளரும் சிரித்தார், வாயால் மட்டும். அந்தச் சிட்டைச் செய்த கோகிலவாணி மேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் முன்பு அவள் தோளில் போட்ட பொன்னாடை திடீரென்று கனத்தது.

விழா முடிந்த கையோடு தாளாளர் அறையில் விசாரணை கூடியது.

"என்னம்மா இது? கூப்புட்டு வச்சு மரியாதை பண்ணுனா, எங்களயே அவமானப்படுத்தறீங்க?"

"இது ஆளைப் பாக்காதுங்கய்யா. பேச்சு போற போக்கைத்தான் பாக்கும்," என்றாள் கோகிலவாணி. "புள்ளைங்களக் கெடுக்க நெனைக்கறவன் எடுத்த எடுப்புல கையப் புடிச்சு இழுக்கறதில்லீங்க. மொதல்ல 'உன்னையாட்ட யாருமே இல்ல'ம்பான். அப்பறம் ஏதாச்சும் வாங்கிக் குடுப்பான். கூட்டாளிங்ககிட்ட இருந்து பிரிப்பான். கடைசியா, 'இது நமக்குள்ள இருக்கட்டும், வீட்ல சொல்லாத'ம்பான். இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து வந்தாக் கத்தற மாதிரித்தான் பழக்கியிருக்கறேன். நீங்க மூணு சேத்துச் சொல்லிட்டீங்க."

"நான் சாக்லெட்டுதானம்மா தர்றேன்னேன்!"

"சாக்லெட்டுக்குக் கத்தலீங்கய்யா. சொல்லாதேன்னதுக்குத்தான் கத்துச்சு."

"அப்ப நான் கெட்டவனா?"

"கீச்சுன்னா இவரு கெட்டவருன்னு அர்த்தமில்லீங்க. 'பாப்பா, சித்தெ கவனி'ன்னு அர்த்தம். நல்ல மனுசன், 'சரி, மிஸ்ஸுகிட்டச் சொல்லிட்டே சாப்புடு'ன்னு மாத்திச் சொல்லிட்டா முடிஞ்சுது. அது எதையும் பதிவு பண்ணாது. யாருகிட்டயும் கோள் சொல்லாது."

குழந்தைசாமி தண்ணீர் குடித்தார். அறையில் இருந்த மற்ற பெரிய மனிதர்களும் ஆளுக்கொரு மிடறு குடித்தார்கள். ஒருவர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். ஓட்டப் பயிற்சியாளர் திருமூர்த்தி மாஸ்டர். "அய்யா, விடுங்க. குருவிக்கென்ன தெரியும்? மேடம் கோயில் கட்டற மாதிரிக் காரியம் பண்ணியிருக்காங்க," என்று அவர் சொன்னதும் அறை லேசானது. அவர் இருக்கும் இடமெல்லாம் லேசாகிவிடும். அப்படி ஒரு ராசி என்று ஊரே சொல்லும். கோகிலவாணிக்கு அவர் மேல் நன்றி பொங்கிவிட்டது.

முதல் ஒரு மாதம் வாய்க்கால்பாளையம் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். கல்யாண மண்டபங்களில்தான் சிட்டுகளின் கச்சேரி களைகட்டியது. "மாமனுக்கு ஒரு முத்தம் குடுத்தாத்தான் மிட்டாய், அம்மாகிட்டச் சொல்லாத," கீச். "உங்கொப்பனுக்குத் தெரியாம நான் உனக்கு போன் வாங்கித் தர்றேன்," கீச். "உங்கம்மா கெடக்கறா, நீ எங்கூட வா, பலூன் வாங்கித் தர்றேன், கண்ணு," கீச், கீச். பந்தி நடக்கும் கூடத்தில் காது கொடுத்துக் கேட்டால் ஏதோ பறவைகள் சரணாலயத்தில் இலை போட்டு உட்கார்ந்தது போல இருக்கும். ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் மொய் வைத்த கையோடு கோபித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

ஆனால் கோகிலவாணி வேறொன்றையும் பார்த்தாள். தூக்கி மடியில் உட்கார வைக்கும் சித்தப்பாக்கள் இப்போது, "உக்காந்துக்கறியா சாமி?" என்று கேட்டார்கள். பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிட்டார்கள். கணக்கு வாத்தியார் தனியாக நோட்ஸ் கொடுக்கும்போது, "வீட்ல காட்டிரு" என்று சேர்த்துச் சொல்லப் பழகினார். பெரியவர்களுக்கு நாக்கு திருந்திக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் ஊரே திருந்தியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விடவில்லை என்பது மட்டும் உண்மை.

பெரியோர் மனம் புண்படாமைக் குழு என்று ஒன்று தொடங்கினார்கள். நம்புங்கள், அதுதான் பெயர். பிள்ளைகள் மனம் புண்படுவதற்குக் குழு கேட்டு அதுவரை யாரும் ஒரு கூட்டம் போட்டதில்லை. பெரியவர்களுக்கென்றதும் பள்ளி அரங்கில் நாற்காலி பற்றவில்லை.

"நாங்க எல்லாம் வெள்ளையும் சொள்ளையுமா வாழ்ந்தவங்க. எங்களப் பாத்து ஒரு பொம்மை கத்தறதா?" என்றார் கோயில் திருவிழாக் கமிட்டித் தலைவர். அவரைப் பார்த்து எந்தப் பொம்மையும் கத்தியதில்லை. கத்திவிடுமோ என்ற முன்னெச்சரிக்கைதான்.

கடைசியாகத் திருமூர்த்தி மாஸ்டர் எழுந்தார். அவர் சத்தம் போடவில்லை. கோகிலவாணியைப் பார்த்து, தங்கையிடம் பேசுவது போலப் பேசினார்.

"மேடம் மேல தப்பில்லீங்க. சிட்டு வேணும். நானே சொல்றேன், கண்டிப்பா வேணும். ஆனா பாருங்க, ஓடற புள்ளைகிட்ட 'நீ மத்தவங்களாட்ட இல்ல, உனக்குத் தனித் தெறமை'ன்னு சொன்னாத்தானுங்க ஓடும். அதுக்கும் இது கத்துது. புள்ளை பாதி ஓட்டத்துல நின்னுக்கிட்டு என்னையே சந்தேகமாப் பாக்குது. எனக்கு ஒண்ணும் போறதில்லீங்க. புள்ளைங்க மெடல் போச்சுன்னா யாரு பொறுப்பு? ஊருக்கே தெரிஞ்ச, நம்பிக்கையான ஆளுங்க குரலை மட்டும் அது கண்டுக்காம இருக்கற மாதிரி ஏதாச்சும் பண்ண முடியுமுங்களா?"

பண்ண முடியும். அதுதான் வினை. கோகிலவாணியின் மூன்று பேர் கொண்ட சின்ன நிறுவனத்துக்கு இந்தப் பள்ளிதான் முதல் வாசல். இது சாத்திக்கொண்டால் அடுத்த வாசல் திறக்காது. அது போக, மாஸ்டர் சொன்னது நியாயமாகவும் பட்டது. அவள் மகள் கவினயா ஒன்பதாம் வகுப்பு, அவரிடம்தான் ஓடிக்கொண்டிருந்தாள். சிட்டே கவினயாவுக்காகச் செய்ததுதான். தினமும் அவளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது பிள்ளைகளுக்கு நேர்ந்ததைச் செய்தியில் கேட்டுக் கேட்டு மிரண்ட நாட்களில்தான் அந்த யோசனை வந்தது.

அப்படிப் பிறந்ததுதான் மரியாதை முறை. குரலை ஒருமுறை பதிந்துகொண்டால் போதும். அந்தக் குரல் பேசும்போது சிட்டு கேட்பதை நிறுத்திவிடும். கேட்காதபோது கண் விளக்கு எதற்கு வீணாக எரிய வேண்டும் என்று, அதையும் அணைந்துபோகிற மாதிரி செய்தாள் கோகிலவாணி. மின்கலம் மிச்சமாகும். அவ்வளவுதான் யோசித்தாள்.

குரல் பதிவு நாளன்று திருமூர்த்தி மாஸ்டர்தான் முதல் ஆள். அடுத்தது தாளாளர். அதற்குப் பின்னால் வாசலைத் தாண்டி வரிசை நின்றது. நன்கொடையாளர்கள், கமிட்டிக்காரர்கள், கமிட்டிக்காரர்களின் மைத்துனர்கள், பேருந்து நிலையத்தில் பேன்சி கடை வைத்திருக்கும் ஒருவர். ஊரில் மரியாதைக்குரியவர்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று கோகிலவாணிக்கு அன்றுதான் தெரிந்தது. சிட்டு ஒருவரைப் பார்த்துக் கத்தினால் அவர் மரியாதை இல்லாதவர் என்றாகிவிட்டது. ஆகவே மிஞ்சியிருந்தது பள்ளிக் காவலாளியும் சமையல்கூடத்து ஆட்களும்தான். அவர்களைப் பார்த்துக் கத்த சிட்டுக்கு முழுச் சுதந்திரம் இருந்தது.

பள்ளி வாசலில் பெரிய பலகை வைத்தார்கள்: 'நூறு சதவீதம் பாதுகாப்பான வளாகம். இங்கே சிட்டுகள் கத்துவதில்லை.'

அதற்குப் பிறகு கோகிலவாணியின் வீட்டுக்குத் திருமூர்த்தி மாஸ்டர் அடிக்கடி வந்தார். தோட்டத்து இளநீர் கொண்டுவந்து கொடுத்தார். "உங்களையாட்ட வெவரமான அம்மா இந்த ஊர்லயே இல்லீங்க மேடம்," என்றார். "மத்த பேரண்ட்ஸெல்லாம் உங்களப் பாத்துப் பொறாமைப்படறாங்க. அவங்ககூட ரொம்ப வச்சுக்காதீங்க," என்றார். "கவினயா ஸ்டேட் அடிக்கறா. எழுதி வச்சுக்கங்க. ஆனா செலக்‌ஷன் முடியற வரைக்கும் ஸ்கூல்ல யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். நமக்குள்ள இருக்கட்டும்."

கோகிலவாணிக்கு வாயெல்லாம் பல். பாராட்டு, பரிசு, பிரிப்பு, ரகசியம் என்று தானே வகுத்த நான்கும் தன் வீட்டுக் கூடத்தில், தன் சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கின்றன என்று அவளுக்கு உறைக்கவில்லை. சிட்டைப் பிள்ளைகளின் காலரில்தான் குத்தியிருந்தார்கள். அம்மாக்களின் சேலையில் குத்தவில்லை.

இதற்கிடையே பிள்ளைகளிடம் ஒரு புது விளையாட்டு கிளம்பியிருந்தது. கவினயாவின் கூட்டாளி ரிஃபானாதான் தொடக்கம். உதடு அசையாமல் அச்சு அசல் சிட்டு மாதிரியே கத்துவாள். எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்க முடியாது. "இந்தக் கேள்வி பரிச்சைக்கு வரும், யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்று வாத்தியார் சொன்னால் வகுப்பில் எங்கிருந்தோ, கீச். "நீ நல்ல பொண்ணாச்சே, மத்ததுகளாட்டவா?" என்று மிஸ் கொஞ்சினால், கீச். ஒரு மாதத்தில் பள்ளியில் பாதிப் பேருக்கு உதடு அசையாமல் கத்த வந்துவிட்டது.

பள்ளி சுற்றறிக்கை விட்டது. 'வாயால் கீச்சிடுதல் பெரியோரை அவமதிக்கும் செயலாகும். மீறும் மாணாக்கர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.' அது வீட்டுக்கு வந்தபோது கோகிலவாணி சிரித்தாள். கவினயா சிரிக்கவில்லை. அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பார்வையைக் கோகிலவாணி அப்போது கவனித்திருக்கலாம். பாராட்டு மயக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. உடனே வர வேண்டும், கவினயா விஷயம் என்றார்கள்.

தாளாளர் அறையில் குழந்தைசாமி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் திருமூர்த்தி மாஸ்டர், முகத்தில் பெரிய மனதோடு. எதிரே கவினயாவும் ரிஃபானாவும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் காலரிலும் சிட்டு இருந்தது. சிட்டு மாட்டியிருக்கிறார்களா என்று வாசலிலேயே பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள்.

"உங்க பொண்ணு பண்ணுன காரியத்தக் கேளுங்க," என்றார் குழந்தைசாமி. "கிரவுண்டுல அத்தன பேரு முன்னால, மாஸ்டர் பேசப் பேசக் கீச்சுக் கீச்சுன்னு கத்தியிருக்கறா. இவ கத்த, அவ கத்த, மொத்த டீமும் கத்தியிருக்குது. வயசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"போச்சாதுங்கய்யா, விடுங்க. சின்னப் புள்ளைங்க," என்றார் மாஸ்டர். "கவினயா எம் பொண்ணு மாதிரி. எனக்கு மனசுல ஒண்ணுமில்லீங்க மேடம். இந்த ரிஃபானாகூடச் சேந்துதான் அவ இப்பிடி ஆயிட்டா."

"அதெல்லாம் வேண்டாம். ரெண்டும் மாஸ்டர் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டு கிளாசுக்குப் போகட்டும்," என்று தாளாளர் தீர்ப்புச் சொன்னார்.

கோகிலவாணிக்கு அவமானத்தில் காது சுட்டது. "கேளு, கவின்," என்றாள்.

கவினயா அசையவில்லை.

"அம்மா சொல்றேன்ல? விழுந்து கேளு."

கவினயா நிமிர்ந்து பார்த்தாள். அழுகை இல்லை, கோபம் இல்லை. ரொம்ப நாளாகக் காத்திருந்து, இனி பிரயோசனமில்லை என்று எழுந்து போகிறவர்களின் முகம் அது.

"சித்தெ வெளிய கூட்டிட்டுப் போய்ப் பேசிட்டு வர்றேனுங்க," என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வராந்தா முனையில் தண்ணீர்க் குழாய்கள் இருந்தன. அங்கே யாருமில்லை. "என்னடி ஆச்சு உனக்கு?" என்று கோகிலவாணி சீறலாகத்தான் ஆரம்பித்தாள்.

"மாஸ்டர் எனக்கு ஷூ வாங்கிக் குடுத்தாரும்மா. வீட்ல காட்டாத, ஸ்கூல்லயே வச்சுக்கன்னாரு," என்றாள் கவினயா. வாய்ப்பாடு ஒப்பிப்பது போலத்தான் சொன்னாள். "அப்பறம் ரிஃபானாகூடப் பேசாத, அவளுக்கு உம்மேல பொறாமைன்னாரு. அப்பறம் நாயித்துக்கெழம திருச்சில செலக்‌ஷன், நாம ரெண்டு பேரும் கார்லயே போயிரலாம், வீட்ல மட்டும் டீமோட பஸ்ல போறம்னு சொல்லிருன்னாரு. நேத்து சொன்னாரு. அதான் இன்னைக்கு எல்லாருஞ் சேந்து கத்துனோம்."

"இத ஏண்டி எங்கிட்ட மொதல்லயே சொல்லல?"

"நீதான அவருக்குக் குருவியோட கண்ண மூடி விட்ட?"

கோகிலவாணி மகளின் கையை விட்டாள்.

"எங்களுக்கு மொதல் நாளே தெரிஞ்சு போச்சும்மா. யாரு பேசுனாக் குருவி கண்ண மூடுதோ, அவங்களப் பாத்தா நாங்க கண்ணத் தொறந்துக்கணும். அதான் எங்க ரூல். ரிஃபானா வச்சது." கவினயா குழாயைத் திருகித் திருகி மூடினாள். "சஹானாக்காவுக்குத்தான் அந்த ரூல் தெரியல."

சஹானா பத்தாம் வகுப்பு. மாவட்டத்தில் முதலாவதாக ஓடியவள். குரல் பதிவு முடிந்த கொஞ்ச நாளில், படிப்பின் பாதியிலேயே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். படிப்பு ஏறவில்லை என்றார்கள். காதல் விவகாரம் என்று சிலர் கூடுதலாகச் சொன்னார்கள். கோகிலவாணியும் உச்சுக்கொட்டியிருக்கிறாள்.

"அவளையும் கார்லதாம்மா கூட்டிட்டுப் போனாரு. திரும்பி வந்து யார்கிட்டயும் பேசவே இல்ல. ஊர விட்டுப் போறப்ப ரிஃபானாகிட்ட மட்டும் சொன்னாளாம். 'எனக்கு மொதல்லயே பயமாத்தான் இருந்துச்சு. ஆனா குருவி கத்தவே இல்ல. கத்தலைன்னாத் தப்பில்லன்னு நெனச்சுக்கிட்டேன்'னு."

அந்தப் பெண் பயந்திருக்கிறாள். தன் பயத்தை நம்புவதா, காலரில் இருக்கும் குருவியை நம்புவதா என்று நின்றிருக்கிறாள். நூறு சதவீதம் பாதுகாப்பு என்று எழுதி வைத்த குருவியை நம்பியிருக்கிறாள். குருவியின் கண்ணை மூடியது யார்? இதே கை. மின்கலம் மிச்சமாகும் என்று மூடிய கை. கோகிலவாணிக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. அழவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தாள். கணக்குப் போட ஆரம்பித்தாள்.

இது வெளியே வந்தால் முதல் கேள்வி தன்னிடம்தான் வரும். நிறுவனம் அன்றைக்கே முடிந்தது. ஊர் மாஸ்டரை விட்டுவிட்டு மகளைப் பேசும், சஹானாவைப் பேசியது போலவே. கணவன் மகேந்திரன் ஊரையே கூட்டிவிடுவான். கவினயா தப்பித்துவிட்டாள் அல்லவா? அதுதானே முக்கியம்? மெதுவாக, சத்தமில்லாமல், மகளை மட்டும் வெளியே எடுத்துவிட்டால் போதாதா?

அவள் குனிந்து மகளின் கன்னத்தைத் தடவினாள். குரலைத் தழைத்துக்கொண்டாள். "என் தங்கம். உன்னையாட்ட புத்திசாலிப் புள்ளை யாருக்குக் கெடைக்கும்? நீ இனிமே கிரவுண்டுக்கே போக வேண்டாம். அம்மா உன்னைய வேற நல்ல ஸ்கூல்ல சேத்தறேன். சைக்கிள் கேட்டீல்ல, அதும் வாங்கித் தர்றேன். ஆனா இத யார்கிட்டயும் சொல்லாத, என்ன? அப்பாகிட்டக்கூட. நமக்குள்ளயே இருக்கட்டும்."

"கீச்."

கோகிலவாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் செய்த சிட்டு தன்னைப் பார்த்தே கத்துகிறது. கத்தாமல் என்ன செய்யும்? பாராட்டு, பரிசு, பிரிப்பு, ரகசியம். ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள். நல்ல குருவி, ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது என்று நினைத்தபடியே மகளின் காலரைப் பார்த்தாள்.

சிட்டின் கண் மூடியிருந்தது.

அவளுக்குப் புரியவில்லை. தன் குரலைப் பதிந்துகொள்ளவே இல்லையே. பதியாத குரலுக்கு ஏன் கண் மூட வேண்டும்? கண் மூடிய குருவி எப்படிக் கத்தும்? குருவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துத் தட்டினாள்.

"அது செத்துப் போயி ரொம்ப நாளாச்சும்மா," என்றாள் கவினயா. "சஹானாக்கா போனதுக்கப்பறம் நாங்க யாருமே சார்ஜ் போடறதில்ல. மாட்டியிருக்கமான்னு மட்டுந்தான் பாப்பாங்க."

"அப்ப கத்துனது?"

"நாந்தான்."

மகளின் உதடு அசையவே இல்லை என்பது அப்போதுதான் கோகிலவாணிக்கு நினைவு வந்தது. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்கென்று காதும் மூளையும் வைத்துக் குருவி செய்தாள். குருவி கத்திய கொஞ்ச நாளில், எதற்குக் கத்துகிறது என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். குருவியின் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. அதன்பின் வாயைக் கட்டியது, மரியாதை கற்றுக்கொடுத்தது, சுற்றறிக்கை விட்டது எல்லாமே பிள்ளைகளின் கண்ணை மூடப் பார்த்த வேலைதான். ஒரு சஹானாவின் கண்ணை மூடியும் விட்டார்கள்.

"இன்னொருக்காக் கத்தட்டுமா?" என்றாள் கவினயா. குரல் இப்போதுதான் கொஞ்சம் நடுங்கியது.

"வேண்டாம் கண்ணு. கேட்டுருச்சு," என்றாள் கோகிலவாணி. "நீ சொன்னதெல்லாம் நெசம். உம்மேல ஒரு தப்பும் இல்ல. சஹானா மேலயும் இல்ல. எம்மேலதான் இருக்குது. வா."

அவள் தாளாளர் அறைக்குள் திரும்ப நுழைந்தபோது திருமூர்த்தி மாஸ்டர் எழுந்து நின்று, காலில் விழுவதற்கு வசதியாக நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். "வா அம்மிணி. மாஸ்டருக்கு உம்மேல கோவமே இல்ல," என்றார்.

கோகிலவாணி அவரைப் பார்க்கவில்லை. ரிஃபானாவை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். கைபேசியில் மரியாதை முறையைத் திறந்து, பதிந்திருந்த அத்தனை குரல்களையும் அழித்தாள். அது வெறும் சடங்கு, கேட்கும் குருவி ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்துதான் அழித்தாள். பிறகு குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐ அழுத்தி, சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி கைபேசியை மேசை மேல் வைத்தாள். மணி அடிக்கத் தொடங்கியது.

திரையில் எண்ணைப் பார்த்ததும் மாஸ்டரின் முகத்தில் இருந்த பெரிய மனது காணாமல் போனது.

"என்னம்மா பண்றீங்க? யாருக்குப் போடறீங்க?" குழந்தைசாமி பதறிக்கொண்டு எழுந்தார். "மொதல்ல கதவச் சாத்துங்க. வெளிய புள்ளைங்க நிக்குதுங்க. எதுவா இருந்தாலும் நமக்குள்ளயே பேசித் தீத்துக்கலாம்."

"கீச்."

கவினயா இல்லை, ரிஃபானாவும் இல்லை. இடைவேளை விட்டுவிட்டார்கள். தண்ணீர் குடிக்க வந்த பிள்ளைகள் வராந்தாவில் கதவுக்கு நேரே நின்றிருந்தார்கள். முதலில் ஒன்று. பிறகு அடுத்தது. பிறகு எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் வராந்தா முழுக்க. ஒரு உதடும் அசையவில்லை. ஒரு காலரிலும் பச்சை விளக்கு எரியவில்லை.

"அதுகளச் சும்மா இருக்கச் சொல்லுங்கம்மா!" என்று தாளாளர் காதைப் பொத்தினார்.

மறுமுனையில் ஒரு பெண் குரல் வந்தது. "வணக்கம், சொல்லுங்க."

வராந்தா அடங்கியது. கோகிலவாணி கதவை இன்னும் அகலமாகத் திறந்து வைத்துவிட்டு, கடைசியில் நிற்கும் பிள்ளைக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் பேச ஆரம்பித்தாள். முதலில் தன் பெயரைச் சொன்னாள். அடுத்து, கண்ணை மூடி விட்டது தான்தான் என்று சொன்னாள்.